கிணறு இறங்கும் முன் எழுதி வையுங்கள்

வேலையை விட்டுவிட்டுத் தனி ஆலோசகராகப் போகலாமா என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது என் வீட்டுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். ஜியாலஜியோ ஜியோபிசிக்ஸோ படித்துவிட்டு, எண்ணெய், எரிவாயு தேடும் கம்பெனிகளில் எட்டுப் பத்து வருடம் இருந்தவர்கள். காபி கொடுத்த கையோடு நான் கேட்பது ஒரே கேள்வி: "நீங்கள் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்தில் இதுவரை எத்தனை கிணறு வறண்டு போயிருக்கிறது?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்த்து வருவதில்லை. எண்ணெய் வந்த கிணறுகளின் பட்டியல்தான் கையில் இருக்கும். வறண்டுபோன கிணற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பதறாமல் பேசத் தெரிந்தவரிடம், "தாராளமாகப் போங்கள்" என்று சொல்லிவிடுவேன். மற்றவர்களை இன்னும் சில வருடம் இருக்கச் சொல்வேன்.

இருபத்திரண்டு வருடம் மாதச் சம்பளத்துக்கும், அதன்பின் பத்தொன்பது வருடம் தனியாகவும் இந்த வேலையைப் பார்த்தவன் நான். காவிரிப் படுகையில் தொடங்கி, கிருஷ்ணா-கோதாவரி, காம்பே என்று போய்த் திரும்பவும் காவிரிக்கே வந்தேன். வீட்டுக்கு வருகிற தம்பி, தங்கைகளிடம் வாயால் சொல்லிவந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. ஐந்தாறு கிணறுகளையாவது கூடவே இருந்து பாருங்கள்

முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை. ஆபீசில் ஒர்க்ஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்து பார்த்தது கணக்கில் சேராது. ரிக்கில், மட் லாகிங் கேபினில், ராத்திரி ஷிப்டில் பார்க்க வேண்டும்.

கிணற்றுக்குள்ளிருந்து நமக்கு எதுவும் நேராக வந்து சேர்வதில்லை. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் பிட் பாறையை நொறுக்குகிறது. அந்தத் துகள் மட்டோடு சேர்ந்து மேலே ஏறி, ஷேல் ஷேக்கர் சல்லடையில் வந்து விழ ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். அதற்குள் பிட் இன்னும் சில மீட்டர் இறங்கியிருக்கும். வழியில் மேல்பாறை இடிந்து அதோடு கலந்திருக்கும். அந்தத் துகளை அலசிப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைக்கும்போது பொன்மஞ்சளாக ஒளிர்ந்தால் நெஞ்சு துள்ளும். ஆனால் சுண்ணாம்புக் கனிமமும் ஒளிரும். குழாய் மரைக்குத் தடவுகிற கிரீஸும் ஒளிரும். மட்டில் டீசல் கலந்திருந்தாலும் ஒளிரும். ஒளிர்கிற ஒரு துகளை மட்டும் தனியாக எடுத்து, குழிவான பீங்கான் தட்டில் வைத்து, கரைப்பான் ஒரு சொட்டு விட வேண்டும். எண்ணெய் இருந்தால் துகளைச் சுற்றிப் பால் கசிவதுபோல ஓர் ஒளி மெல்லப் பிரிந்து பரவும். சுண்ணாம்பு அசையாமல் கிடக்கும்.

இதை நூறு தடவை தன் கண்ணால் பார்த்தவருக்குத்தான், இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அறிக்கையில் "ஒளிர்வு தென்பட்டது" என்று எழுதிவிட்டுப் போன ஒற்றை வரியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். ஆலோசகர் வேலையில் பாதி அதுதான். அடுத்தவர் எழுதிவைத்த வரியை எடைபோடுவது.

2. லாக்கின் தலைப்புத் தாளை முதலில் படியுங்கள்

நான் செய்த தவறுகளிலேயே பெரியதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சிறிய வயல். அறுநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறுகள். ஒன்றில் எண்ணெய்க்கும் தண்ணீருக்குமான எல்லை மற்றதைவிட ஏழு மீட்டர் ஆழத்தில் இருந்தது. தடையில்லாத ஒரே மணற்கல்லுக்குள் அந்த எல்லை இரண்டு மட்டத்தில் நிற்க நியாயமில்லை. ஆகவே நடுவில் ஒரு ஃபால்ட் பாறையை வெட்டியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வரைபடத்தில் ஒரு கோடு போட்டேன். சீஸ்மிக்கில் அப்படி எதுவும் தெரியவில்லை. சின்ன ஃபால்ட், தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கோட்டை நம்பி மூன்றாவது கிணற்றின் இடத்தை மாற்றினார்கள். அது நேராகத் தண்ணீரில் போய் இறங்கியது.

அதற்குப் பிறகுதான் பழைய லாக்குகளை எடுத்துத் தலைப்புத் தாளைப் படித்தேன். கிணற்றின் ஆழத்தை ரிக் மேடையிலிருந்துதான் அளப்பார்கள். இரண்டு கிணறுகளையும் தோண்டியது வேறு வேறு ரிக்குகள். தரை உயரமும் மேடை உயரமும் சேர்ந்து ஏழு மீட்டர் வித்தியாசம். இரண்டையும் கடல்மட்டத்துக்கு மாற்றாமலே ஒப்பிட்டிருக்கிறேன். நான் வரைந்த ஃபால்ட் பூமிக்குள் எங்கேயும் இல்லை. மேடையின் உயரம் அந்தத் தாளில் தெளிவாக அச்சாகியிருந்தது. நான் படிக்கவில்லை. அந்த மூன்றாவது கிணற்றுக்குச் செலவான பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது.

இதேபோல இன்னொன்று. நம் நாட்டின் பழைய வரைபடங்களும் பழைய கிணறுகளின் ஆயத்தொலைவுகளும் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்துக் கணக்கிட்டவை. இன்றைய ஜி.பி.எஸ். டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் இயங்குகிறது. பழைய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மாற்றாமல் புதிய வரைபடத்தில் குத்தினால் காவிரிப் படுகைப் பக்கம் கிணறு சுமார் 200 மீட்டர் தள்ளிப் போய் உட்காரும். 200 மீட்டர் பெரிய தூரமா என்று கேட்கலாம். காவிரிப் படுகையின் வயல்கள் பலவும் ஃபால்ட்டுகளால் துண்டு துண்டாக வெட்டுப்பட்டவை. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக 200 மீட்டர் தாராளம்.

யார் எந்த டேட்டா கொடுத்தாலும் முதல் மூன்று நாள் இதற்கே ஒதுக்குங்கள். எந்த மட்டத்திலிருந்து அளந்தார்கள், எந்த நீள்கோளம், மீட்டரா அடியா, எந்த வருடத்து லாக். அந்த மூன்று நாளுக்கும் சேர்த்தே கட்டணம் கேளுங்கள்.

3. வாய்ப்புகளைப் பெருக்குங்கள், கூட்டாதீர்கள்

எண்ணெய் சமைந்து வருகிற தாய்ப்பாறை வேண்டும். அதைத் தாங்கிக்கொள்ள நுண்துளையுள்ள மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ வேண்டும். எண்ணெய் மேலே ஏறிப்போகாமல் தேங்க ஒரு வளைவோ ஃபால்ட்டோ வேண்டும். அதன்மேல் ஒழுகாத மூடி வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற மூன்றும் வீண். முதலாவதற்கு 80 சதவீதம், அடுத்ததற்கு 70, அடுத்ததற்கு 60, கடைசிக்கு 50 என்று போட்டால் தனித்தனியாகப் பார்க்கையில் எதுவும் மோசமாகத் தெரியாது. பெருக்கினால் கிட்டத்தட்ட 17 சதவீதம். அதாவது ஆறு கிணறு தோண்டினால் ஒன்று.

கூட்டத்தில் படம் காட்டும்போது எல்லோரும் தங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றியே பேசுவார்கள். மணலைப் பார்த்தவர் மணலின் அழகைச் சொல்வார். யாரும் பேசாமல் விட்ட நான்காவதைக் கேட்பதற்குத்தான் வெளியிலிருந்து உங்களை அழைத்திருக்கிறார்கள்.

1983-இல் அலாஸ்காவின் வடகரைக்கு அப்பால், பியூஃபோர்ட் கடலில் முக்லக் என்று ஒரு கிணறு. சரளைக்கல் கொட்டிச் செயற்கைத் தீவு கட்டித் தோண்டினார்கள். குத்தகைப் பணத்தையும் சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. வளைவு பிரமாதம், மணல் பிரமாதம், பக்கத்திலேயே பிரதோ பே என்ற மாபெரும் வயல். கிணறு இறங்கியபோது மணலில் எண்ணெய்க் கறை இருந்தது, எண்ணெய் இல்லை. ஒரு காலத்தில் அங்கே தேங்கிய எண்ணெய் பிற்பாடு ஒழுகிப் போய்விட்டது. மூடியும் காலமும் கைவிட்டன. தோண்டியவர்கள் திறமைசாலிகள். எனக்கு மூடியைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்த நாட்களில் முக்லக்கை நினைத்துக்கொள்வேன்.

4. ஒற்றை எண் கொடுக்காதீர்கள்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பரப்பு 2 சதுர கிலோமீட்டர், மணலின் நிகரத் தடிமன் 10 மீட்டர், நுண்துளை 20 சதவீதம், அதில் எண்ணெய் 60 சதவீதம், மேலே வரும்போது சுருங்குவதற்கு 1.2-ஆல் வகுத்தால் 20 லட்சம் கன மீட்டர். ஏறக்குறைய ஒன்றேகால் கோடி பீப்பாய். பரப்பு 1, தடிமன் 6, நுண்துளை 15 என்று மாற்றுங்கள். 28 லட்சம் பீப்பாயாகக் குறையும். பரப்பு 3, தடிமன் 14, நுண்துளை 23 என்றால் மூன்று கோடி. தோண்டாத இடத்தில் இந்த மூன்றுமே மறுக்க முடியாத கணக்குகள். சின்னதுக்கும் பெரியதுக்கும் இடையில் பத்து மடங்கு. இது மொத்தமும் பாறைக்குள் கிடப்பது. எடுக்க முடிவது கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான்.

ஆகவே சிறியது, நடு, பெரியது என்று மூன்றையும் ஒரே வரியில், ஒரே எழுத்து அளவில் எழுதுங்கள். ஒரு முறை, பங்குதாரர்களிடம் பணம் திரட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், பெரிய எண்ணை மட்டும் முதல் பக்கத்தில் போட்டு, அதை "இருப்பு" என்று குறிப்பிடும்படி கேட்டது. அங்கே ஒரு கிணறுகூடத் தோண்டியிருக்கவில்லை. உலகம் முழுக்க எண்ணெய்த் தொழில் ஒப்புக்கொண்ட வரையறைப்படி, கண்டுபிடிக்கப்பட்டதாக, எடுக்க முடிவதாக, விற்றால் கட்டுப்படியாவதாக, இன்னும் மிச்சமிருப்பதாக இருந்தால்தான் இருப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். தோண்டாத இடத்தில் இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. நான் மறுத்தேன். கட்டணத்தில் பாதி நின்றுபோனது. அது இன்றுவரை வரவில்லை. அந்த அறிக்கையில் என் கையெழுத்து இல்லை என்பதில் எனக்கு அன்றும் நிம்மதி, இன்றும் நிம்மதி.

பெரிய எண் எப்படி ஊரைச் சுற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2005-இல் கிருஷ்ணா-கோதாவரிக் கடற்பகுதியில் 20 டிரில்லியன் கன அடி எரிவாயு என்று ஒரு கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. கிணறுகள் கூடக் கூட அந்த எண் பல மடங்கு சுருங்கியது. அறிவிப்பு நினைவிருக்கிற அளவுக்குச் சுருங்கியது யாருக்கும் நினைவில்லை.

5. எழுதி வையுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூடப் போதும், மற்றவை தானாக வரும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். நீங்கள் கருத்துச் சொன்ன ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம். ரிக் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை நிரப்பித் தேதி போடுங்கள். எந்தப் பாறையை எந்த ஆழத்தில் தொடும், எத்தனை மீட்டர் முன்பின் ஆகலாம், மணல் எவ்வளவு தடிமன், எண்ணெயா எரிவாயுவா தண்ணீரா, வாய்ப்பு எவ்வளவு சதவீதம். கடைசியில் ஒரு வாக்கியம்: நான் தவறினால் எதனால் தவறியிருப்பேன். அந்தப் பக்கத்தின் நகலை வேலை கொடுத்தவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கிணறு முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள்.

கிணறு வறண்டுபோன மறுநாள் ஆபீசில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோருமே முன்கூட்டியே சந்தேகப்பட்டவர்களாக மாறிவிடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனம் அப்படித்தான் பழையதைத் திருத்தி வைத்துக்கொள்ளும். என் மனமும் அப்படித்தான் செய்தது. நோட்டுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

முதல் பத்து வருடத்து நோட்டை ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது. படுகையின் ஆழமான பள்ளங்களில் நான் புள்ளி வைத்த பதினான்கு கிணறுகளில் பத்து, நான் சொன்னதைவிட மேலேயே மணலைத் தொட்டுவிட்டன. காரணம் தேடினேன். சீஸ்மிக் நமக்குக் கொடுப்பது நேரம். அலை போய்த் திரும்பிய நேரத்தை மீட்டராக மாற்ற வேகம் வேண்டும். அந்த வேகத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தது மேட்டுப் பகுதிகளில் இருந்த பழைய கிணறுகளிலிருந்து. மேட்டில் பழைய, இறுகிய பாறை கொஞ்ச ஆழத்திலேயே வந்துவிடும், அலை வேகமாகப் போகும். பள்ளத்தில் இளம் படிவுகள் தடிமனாக இருக்கும், அலை மெதுவாகப் போகும். மேட்டின் வேகத்தைக் கொண்டு பள்ளத்தை அளந்திருக்கிறேன். பத்து வருடம் ஒரே பக்கமாகவே தவறியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டிருக்கிறேன்.

இரண்டாவது, மூன்றில் ஒரு வாய்ப்பு என்று நான் எழுதியிருந்த பதினைந்து இடங்களில் எண்ணெய் வந்தது மூன்றில். ஐந்தில் வந்திருக்க வேண்டும். பதினைந்து சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு மூன்றில் ஒன்று என்று எழுதப் பேனா எடுக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்தேன்.

கிணறு முடிந்ததும் அரை நாள் ஒதுக்கி, நான் சொன்னது என்ன, வந்தது என்ன, எங்கே தவறினேன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புவேன். அதற்குக் கட்டணம் வாங்கியதில்லை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எனக்கு மறுபடி மறுபடி வேலை வந்தது பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்தைப் படித்தவர்களிடமிருந்துதான். அவற்றில் முக்கால்வாசி, கிணறு வறண்ட கதைகள்.

காவிரிப் படுகையின் கதையே அப்படிப்பட்டதுதானே. காரைக்காலில் முதல் ஆழ்கிணற்றை 1964-இல் தோண்டினார்கள். நரிமணம் போன்ற வயல்கள் கைக்கு வர எண்பதுகள் ஆகிவிட்டன. இடையில் வறண்ட கிணறுகளில் யாரோ ஒழுங்காக எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துத்தான் நாங்கள் வேலை கற்றோம்.

6. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விடுங்கள்

கம்ப்யூட்டர் எல்லா இடத்தையும் வண்ணத்தால் நிரப்பிவிடும். சீஸ்மிக் கோடு ஒன்றுகூடப் போகாத மூலையிலும் அழகான வளைவு வரைந்து காட்டும். அந்த மூலையை அழியுங்கள், அல்லது விட்டுவிட்டுக் கோடு போடுங்கள். பார்ப்பவர் கேட்கட்டும்.

7. பணம்

வருடத்துக்கு 365 நாளும் வேலை இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நல்ல வருடங்களிலேயே எனக்குக் கட்டணம் கிடைத்த நாட்கள் 120-ஐத் தாண்டியதில்லை. மிச்ச நாட்கள் படிப்பதிலும், அலைவதிலும், டெண்டர் எழுதுவதிலும், பாக்கியைக் கேட்டுப் போன் செய்வதிலும் போகும். ஆகவே உங்கள் ஒருநாள் கட்டணம், பழைய மாதச் சம்பளத்தை இருபத்திரண்டால் வகுத்த தொகையாக இருந்தால் வண்டி ஓடாது. இரண்டரை மடங்கு கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால், எதெல்லாம் வேலை, எதெல்லாம் வேலை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம். டேட்டா வந்துசேர்ந்த நாளிலிருந்துதான் கெடு தொடங்கும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் பலர் அடிபடுகிறார்கள். பில் போட்டுவிட்டால், அவர்கள் பணம் தராவிட்டாலும், அந்த மாதக் கணக்கில் 18 சதவீதத்தை நீங்கள் கட்டியாக வேண்டும். பெரிய கம்பெனி ஆறு மாதம் இழுத்தடித்தால் உங்கள் கைக்காசு ஆறு மாதம் அரசாங்கத்திடம் இருக்கும். அதோடு அவர்கள் தரும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துத்தான் தருவார்கள். ஒரு நல்ல ஆடிட்டரை முதல் மாதமே பிடித்துக்கொள்ளுங்கள்.

"கட்டணம் குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணெய் வந்தால் ஒரு பங்கு தருகிறோம்" என்பார்கள். வேண்டாம். பங்குக்கு ஆசைப்பட்ட அன்றே, அந்த இடத்தில் எண்ணெய் இருக்க வேண்டும் என்று உங்கள் மனம் வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும். பிறகு நான்கு வாய்ப்புகளையும் பெருக்கும்போது கை தானாகவே ஐந்து ஐந்து சதவீதம் கூட்டும். நல்லவர்களுக்கும் இது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிணறு வந்தாலும் வறண்டாலும் ஒரே கட்டணம் என்றிருந்தால்தான் நீங்கள் சொல்வதற்கு மதிப்பு.

8. ஒருவர் டேட்டாவை இன்னொருவர் வீட்டில் பேசாதீர்கள்

பக்கத்துப் பக்கத்து ப்ளாக்கில் இருக்கும் இருவர் ஒரே சமயத்தில் அழைத்தால், முதலில் அழைத்தவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே இரண்டாமவருக்கு. வேலை முடிந்ததும் டேட்டாவைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் ஹார்டு டிஸ்க்கில் அழித்துவிட்டதாகக் கடிதம் கொடுங்கள். நிஜமாகவே அழியுங்கள். உங்கள் நோட்டில் உள்ள உங்கள் கணிப்பு மட்டும் உங்களுடையது.

9. விலை விழும் என்று வைத்தே வாழுங்கள்

2014 நடுவில் பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 110 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. விலை விழுந்தால் கம்பெனிகள் முதலில் வெட்டுவது தேடுதல் செலவை. அதிலும் முதலில் வெட்டுவது வெளி ஆலோசகரை. ஒன்றரை வருடத்துக் குடும்பச் செலவு வங்கியில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் இதை மறைக்காமல் பேசிவிட்டே விடுங்கள்.

எண்ணெய் தவிர வேறு கதவுகளையும் திறந்து வையுங்கள். ஷ்லும்பெர்கர் சகோதரர்களின் ஆட்கள் 1927-இல் பிரான்சின் பெஷல்ப்ரான் வயலில் கிணற்றுக்குள் மின்தடையை அளந்ததில்தான் நம் லாக்குகளின் கதை தொடங்குகிறது. அதே மின்தடைக் கணக்கு நிலத்தடி நீருக்கும் பொருந்தும், உப்புநீர் உள்ளே ஏறுவதைக் கண்டுபிடிக்கவும் பொருந்தும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தைத் தோண்ட முடியும். அதுவும் நம் படிப்புதான். லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் பூமிச் சூட்டைத் தேடித் துளைக்கிறார்கள். கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்திப் பூட்டிவைக்க வேண்டுமென்றால், மூன்றாம் பகுதியில் சொன்ன மணலும் வளைவும் மூடியும் அங்கேயும் வேண்டும். மூடி ஒழுகுமா என்று கேட்கத் தெரிந்தவருக்கு இனி வேலை கூடத்தான் செய்யும்.

10. மென்பொருள்

பெரிய மென்பொருளின் ஆண்டு லைசென்ஸ் உங்கள் முதல் வருட வருமானத்தை விழுங்கிவிடும். வேலை கொடுப்பவரின் ஆபீசில் அவர்கள் லைசென்சிலேயே செய்யுங்கள். வீட்டுக்கு ஓபன்டெக்ட், க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருள்கள் இரண்டும் போதும். திருட்டு நகல் வேண்டவே வேண்டாம்.

11. நிலத்துக்காரரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்

இதில் எங்கள் தலைமுறை தவறிவிட்டது. வயல் வரப்பில் ஜியோஃபோன் நட்டோம், ஷாட் ஹோல் போட்டோம், பயிர் நஷ்டத்துக்குத் தாசில்தார் ஆபீஸ் வழியாகப் பணம் கொடுத்தோம், கிளம்பிவிட்டோம். அந்தக் குழிக்குள் என்ன வைத்தோம், எதற்காக வைத்தோம் என்று நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஐந்து நிமிடம் நின்று சொன்னவர்கள் எத்தனை பேர்? அத்தனை பேரும் தமிழ் தெரிந்தவர்கள்தான்.

2010-இல் மன்னார்குடிப் பகுதிக்கு நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம் வந்தது. நிலக்கரி அடுக்கிலிருந்து மீத்தேன் வர வேண்டுமென்றால் முதலில் அந்த அடுக்கின் நீரை மாதக்கணக்கில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். டெல்டாவில் அந்த நீர் எங்கே போகும், மேலே இருக்கும் குடிநீர் மணலுக்கு என்ன ஆகும் என்று விவசாயிகள் கேட்டது முழுக்க நியாயமான நீரியல் கேள்வி. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் ஆளில்லாமல் விட்டோம். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிர்ப்பு, அதே வருடம் கதிராமங்கலத்தில் குழாய்க் கசிவு. "ஹைட்ரோகார்பன்" என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது, அச்சத்தின் பெயராக. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம், புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் துளையிடுவதையும் அங்கே தடைசெய்தது.

அந்தச் சட்டம் எங்கள் வேலையைக் குறைத்தது என்று வருந்துகிற சக தொழிலாளர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. மூன்று போகம் விளைந்த மண்ணுக்கு உரிமையுள்ளவர்கள் கேட்ட கேள்விக்கு நாம் எழுத்தில் பதில் கொடுக்கவில்லை. இனி நீங்கள் எந்த மாநிலத்தில் எந்த நிலத்தில் கால் வைத்தாலும், உங்கள் அறிக்கையில் கடைசிப் பக்கமாக, இந்த இடத்தில் எத்தனை மீட்டர் வரை குடிநீர் மணல் இருக்கிறது, அதை எத்தனை அடுக்கு இரும்புக் குழாயும் சிமெண்டும் போட்டுக் காக்க வேண்டும், கசிந்தால் யாருடைய கிணறு முதலில் கெடும் என்று எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். கேட்டால் அந்த ஊர் மொழியிலேயே ஊர்ச் சபையில் படித்துக் காட்டும் அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள்.

12. வருடத்துக்கு ஒரு முறை பாறையைத் தொடுங்கள்

திரையில் வண்ணமாகவே பார்த்துக்கொண்டிருந்தால் ஷேல் என்பது பச்சை நிறம் என்று கை பழகிவிடும். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் மழைநீர் அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கிற களிப்பாறை வெளி. குறுக்கும் நெடுக்குமாக ஜிப்சம் நரம்புகள் வெயிலில் மின்னும். காலடியில் துப்பாக்கித் தோட்டாபோலச் சின்னச் சின்ன பெலம்னைட் துண்டுகள், எப்போதாவது சுருள் சுருளாக அம்மோனைட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்தப் பகுதியை அளந்து வரைந்தார். அவர் பிரித்த உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களைத்தான் இன்றும் பாறைத் தொகுதிகளுக்குச் சொல்கிறோம். இந்த மேற்கு விளிம்பில் தரையில் கிடக்கிற கிரெட்டேசியஸ் காலப் படிவு, கிழக்கே கடற்கரைப் பக்கம் போகப் போக ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கே ஏறக்குறைய இதே காலத்து ஷேல்தான் எண்ணெய் சமைத்த தாய்ப்பாறைகளில் ஒன்று.

ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், களி ஒட்டிக்கொள்ளும். அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காம்பஸ் வைத்து அளந்து, அந்தச் சாய்விலேயே நாகப்பட்டினம் வரை மனக்கணக்காகப் போய்ப் பாருங்கள். கணக்கு ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று யோசித்துக்கொண்டே சாத்தனூர் போய், அங்கே கிடக்கிற பதினெட்டு மீட்டர் கல்மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். தொல்லுயிர்ப் படிவங்களை எடுத்து வராதீர்கள், போட்டோ போதும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே காரையில் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தச் சரிவில் ஒதுங்க ஒரு முள்மர நிழல்கூடக் கிடைக்காது.